கப்பல் நானா வாசித்த வெண்ணெய் டின்

ஏ, பி, சி, டி கூட்டத் தெரிந்துவிட்டால் ஐரோப்பா முழுவதும் தன் வீட்டு முற்றம் என்று நினைக்கிற ஓர் இனம் உண்டு. இலங்கை மலைநாட்டில் மடுல்சீமையிலிருந்து பெரகல வரைக்கும் கடைக்கு ஓர் ஆளாவது அகப்படும். எழுபத்தேழில் இறக்குமதிக் கதவு திறந்த பிறகு வெளிநாட்டுச் சாமான் மலை ஏறி வந்தபோது இந்த இனமும் கூடவே பெருகிற்று. பவுடர், பால்மா, எந்த நாட்டுத் தைலம் என்றே தெரியாத தைலம், எதைக் கொடுத்தாலும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, உதட்டால் ஒரு தரம், தொண்டையால் ஒரு தரம் வாசித்து, நம்மைப் பரிதாபமாகப் பார்த்த பிறகுதான் அர்த்தம் சொல்வார்கள்.

பிரெஞ்சுக்காரன் ரொட்டிக்கு எழுதுகிற பி, ஏ, ஐ, என் இங்கிலீஷில் வலியாகிவிடும். அப்படியொரு ரொட்டிப் பாக்கெட்டை வலி மருந்தென்று வாசித்துவிட்டு, முழங்கால் வலிக்காரி வடிவம்மாவை இரண்டு வேளை தின்னச் சொன்னவரை எனக்குத் தெரியும். அவள் தின்றாள். வலி விட்டதென்றும் சொன்னாள். இதற்கு மேல் யார் அவரைத் திருத்துவது?

பசறையில் இந்த இனத்துக்கு ராஜா மஹ்ரூப் நானா. வாலிபத்தில் கப்பலில் வெங்காயம் உரிக்கப் போய், ஸ்பெயின் துறைமுகம் ஒன்றில் கரை இறங்கியவர். ஆள் ஊருக்கு வந்துவிட்டார்; பேச்சு இன்னும் திரும்பக் கப்பல் ஏறவில்லை.

கடைக்கார லத்தீபின் மகள் நபீலாவுக்குக் கல்யாணம். கொழும்பிலிருந்து வந்த டின் வெண்ணெயைக் கொட்டிச் சமையல்கார ஷுக்ரி நெய்ச்சோறு ஆக்கியிருந்தார். மேற்பார்வைக்கு வந்த மஹ்ரூப் நானா வெறும் டின்னை எடுத்தார். கண்ணாடி இறங்கிற்று. பி, யூ, ஆர், ஆர், ஓ. பூர்ரோ. ஸ்பெயினில் இது கழுதைக்குப் பெயர் என்றார். அவர் பந்தலுக்கு வருமுன் கழுதை வந்து சேர்ந்துவிட்டது.

பதுளையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் ஆறாறு பேராக ஸஹனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒரே தாம்பாளத்துச் சோறு. மூத்தவர் கை வைக்காமல் மற்றவர் தொடமாட்டார். மூடியைத் திறந்ததும் வெண்ணெய் வாசம் பந்தலையே தூக்கிக்கொண்டு நமுனுகலை உச்சிக்குப் போனது. ஆனாலும், எழுத்து ஒன்று சொன்ன பிறகு மூக்கை எவன் நம்புவான்? கழுதை மார்க்கத்தில் விலக்கு; ஒரு கையும் இறங்கவில்லை. இவர்கள் சோற்றைத் தொடாமல் எழுந்தால் கல்யாணமும் கூடவே எழுந்துவிடும். லத்தீபின் முகத்தில் ரத்தம் இல்லை.

அவர் மஹ்ரூப் நானாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, மாப்பிள்ளையின் வாப்பா இருந்த ஸஹனிலேயே உட்காரவைத்து, பக்கத்தில் டின்னையும் வைத்தார்.

"இதுல மூத்தவர் நீங்கதான் நானா. நீங்க கை வைக்காம எழும்புனா, சட்டியோட சோத்தை ஆத்துல கொட்டிருவேன்."

நானா சோற்றைப் பார்த்தார். பொரித்த கோழியைப் பார்த்தார். கோழியும் அவரைப் பார்த்திருக்க வேண்டும். டின்னை மெல்லத் தலைகீழாகத் திருப்பினார்.

"நான் வாசிச்சது ஸ்பெயின் பாஷை. அடியில இத்தாலிண்டு போட்டிருக்கு. இத்தாலியில ஏது கழுதை?"

"அப்ப அங்க இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் வாப்பா.

நானா ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு, மென்று, கண்ணை மூடி விழுங்கினார்.

"வெண்ணெய்."

மற்ற ஆறு கையும் ஒன்றாக இறங்கின. பந்தல் முழுக்க இறங்கின. லத்தீப் அங்கேயே ஒரு வாழைக்குலைமேல் உட்கார்ந்துவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அது சரியான அர்த்தம். பண்டாரவளையில் இருந்த ஓர் இத்தாலிப் பாதிரியாரைப் பின்னால் விசாரித்தேன். இத்தாலியில் வெண்ணெய், ஸ்பெயினில் கழுதை. எழுத்து ஒன்றுதான், பிறந்த வழி வேறு என்றார். இத்தாலியில் கழுதைக்கும் குறைவில்லையாம்.

சிரிக்கிறீர்களா? சரி, ஜெர்மன் டின் ஒன்றின்மேல் 'கிஃப்ட்' என்று எழுதியிருந்தால் உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள்? பரிசு என்றா? ஜெர்மன்காரனுக்கு அது விஷமாம். வாங்க, மஹ்ரூப் நானாவுக்குப் பக்கத்தில் உட்காருங்க. முதல் பிடி உங்களுடையது.