ஃபிரிட்ஜ் மேலிருந்த மூன்று ஃபைல்கள்

ஒரு கம்பெனியில் வேலை எப்படி நடக்கிறது என்பதை அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்டாலே தெரிந்துவிடும் என்று நம்பிய ஒரு முட்டாளை எனக்கு நன்றாகத் தெரியும். வயது இருபத்துமூன்று, பீளமேட்டில் கம்ப்யூட்டர் படிப்பு, கழுத்தில் டை. (மொத்தக் கம்பெனியிலும் டை கட்டியவன் நான் ஒருவன்தான். முதலாளியே அரைக்கைச் சட்டைதான்.)

தொண்ணூறுகளின் பிற்பகுதி. கோயமுத்தூரில் இருமல் மருந்து தயாரித்த அந்தக் கம்பெனியில், ஃபைல்கள் கைமாறிக் கைமாறிப் போவதை நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டர் வழியாக அனுப்பும் மென்பொருள் வாங்கத் தீர்மானித்தார்கள். அது வருவதற்குள் எந்த ஃபைல் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று படம் வரைந்து, நானே ஒரு சின்ன புரோகிராம் எழுதி ஒத்திகையும் நடத்திக் காட்ட வேண்டியது என் பொறுப்பு. ஒத்திகை சரியாக நடந்தால் வேலை நிரந்தரம். சொதப்பினால் சொந்த ஊரான தாராபுரத்தில் தலைகாட்ட முடியாது. மகன் ஆபீசர் ஆகிவிட்டான் என்று அப்பா ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

நோட்டும் கையுமாக எல்லோரையும் கேட்டேன். தயாரிப்பைக் கவனித்தவர் துரைசாமி, முதலாளியின் மச்சான். தரத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவர் கெமிஸ்ட் ஸ்டெல்லா அக்கா.

"ஒரு பேட்ச் மருந்து சரியில்லைன்னா என்னங்க பண்ணுவீங்க?"

"அப்படியெல்லாம் வராதுங்க" என்றார் துரைசாமி.

ஸ்டெல்லா அக்கா அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு, "ஆமாங்க தம்பி, அப்படியெல்லாம் வராதுங்க" என்றார்.

நானும் நம்பினேன். என் படத்திலும் புரோகிராமிலும் 'சரி' என்ற பொத்தான் மட்டும்தான் இருந்தது. 'வேண்டாம்' என்பதற்கு வழியே இல்லை. போதாததற்கு கோடவுன் ஆட்களிடம், "இனிமே பிரிண்டர்ல காகிதம் வந்தாப் போதும், யாரையும் கேக்காம லோடு ஏத்துங்க" என்று கண்டிப்பாகச் சொல்லியும் வைத்தேன்.

ஒத்திகை நாள். மதியம் முதலாளி வந்து நின்று, "ஒண்ணு ஓட்டிக் காட்டுங்க பார்க்கலாம்" என்றார். ஸ்டெல்லா அக்கா சாப்பிடப் போயிருந்தார். எனக்கோ உடனே நிஜமான ஃபைல் வேண்டும். பரிசோதனைக் கூடத்து ஃபிரிட்ஜின் மேல் கையெழுத்தில்லாமல் மூன்று கிடந்தன. பாவம், அக்காவுக்கு வேலைச் சுமை என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய ரகசியச் சொல் எனக்குத் தெரியும் (வைத்துக்கொடுத்தவனே நான்தான்). மூன்றுக்கும் 'சரி' தட்டினேன். கோடவுனில் பிரிண்டர் கடகடவென்று ஓடியது. முதலாளி என் தோளில் தட்டினார். வாழ்க்கையில் அவ்வளவு கர்வமாக நான் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை.

ஸ்டெல்லா அக்கா கை துடைத்தபடி வந்தார். ஃபிரிட்ஜைப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, இங்க வெச்சிருந்த ஃபைலெல்லாம் எங்கீங்க?"

"முடிச்சிட்டேங்க்கா."

"முடிச்சுப்போட்டீங்களா?" என்றவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. சரியில்லாத பேட்ச் என்றால் அவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், எழுதவும் மாட்டார். ஃபைலை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிடுவார். சாயங்காலம் துரைசாமி அந்தப் பக்கமாக வந்து, யாரும் பார்க்காதபோது எடுத்துப்போய் மருந்தை மறுபடி செய்வார். முதலாளி வீட்டு மனிதரிடம் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லாமல் பதினொரு வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். காவல்காரர் உட்பட எல்லோருக்கும் இது தெரியும், எனக்கும் முதலாளிக்கும் தவிர.

"மருந்து அடியில படிஞ்சிருச்சுங்க, குலுக்குனாலும் கலக்கறதில்ல. கடைசி ஸ்பூன்ல மொத்த வீரியமும் சேர்ந்து வந்துரும். கொழந்தைங்க குடிக்கறதுங்க" என்றார் அக்கா.

இரண்டு பேட்ச் கோடவுனிலேயே இருந்தது. ஒன்று வேனில் கிளம்பிவிட்டது. எங்கே? தாராபுரத்துக்கு. துரைசாமியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து துரத்தினேன். எனக்கு வேலை மறந்துபோய், ஊரில் இருமிக்கொண்டிருக்கக்கூடிய குழந்தைகள்தான் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தார்கள். பல்லடத்தில் ஒரு டீக்கடை முன்னால் வேன் நின்றது. டிரைவர் வடைக்காகக் காத்திருந்தார். அந்த வடை மாஸ்டர் இன்றைக்கும் நன்றாக இருக்க வேண்டும்.

வேனைத் திருப்பிக்கொண்டு வந்ததும் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். "அம்மணி, நீங்க சொல்லுங்க. அந்த மூணும் சரிங்களா, இல்லீங்களா?"

ஸ்டெல்லா அக்கா துரைசாமியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "வேணாமுங்க" என்றார். எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் துரைசாமிக்குக் கேட்டுவிட்டது.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. விட்டுப்போன பொத்தானைப் போட ஆள் வேண்டுமே. நிரந்தரம் மட்டும் ஆறு மாதம் தள்ளிப்போனது. துரைசாமி அதற்கப்புறம் ஸ்டெல்லா அக்காவிடம் நேராகப் பேசியதில்லை. அக்கா ஒருநாள் என்னிடம், "நீங்க கெட்டவரில்லீங்க தம்பி. ஆனா பதினோரு வருஷமா நான் காப்பாத்தி வெச்ச மரியாதைய ஒரே நாள்ல கெடுத்துப்போட்டீங்க" என்றார்.

என் மனைவிக்கு இதைச் சொன்னது அடுத்த தப்பு. வீட்டில் எதற்காவது நான் சரி என்று தலையாட்டினால் போதும், மகளைக் கூப்பிட்டுச் சொல்வாள்: "பொறு கண்ணு, உங்கப்பா சொல்ற சரி பல்லடம் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வரும்."