தாஹிராவை அழவைக்க ஒரு கூடாரம்

கல்யாணமான எந்த ஆணும் வெளியே சொல்லக் கூசுகிற ஒரு தீர்மானத்தைப் போன மார்ச் மாதம் எடுத்தேன். என் மனைவியை எப்படியாவது அழவைத்துவிட வேண்டும்.

உடனே என்னைத் திட்டிவிடாதீர்கள். காரணம் இருக்கிறது.

என் பெயர் நவுஷாத். கள்ளக்குறிச்சி கடைவீதியில் தார்ப்பாய், கயிறு, கோணி விற்கிறேன். அறுவடையில் நெல்லை மூட, மழையில் கூரையை மூட, தேர்தலில் மேடையை மூட, எதற்கானாலும் என்னிடம்தான் வருவார்கள். பேசுகிறவர்களின் வாயை மூட மட்டும் என்னிடம் சரக்கு இல்லை. மற்றபடி மூடுவதுதான் என் தொழில்.

எங்களுக்கு ஒரே மகள். ஷிரின். சேலத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். முந்தின வருஷம் மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஊருக்கு வந்தாள். மூளைக் காய்ச்சல் என்றார்கள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மவுத்தாகிவிட்டாள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் திராணி இல்லை.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். அதற்குப் பிறகு என் மனைவி தாஹிரா அழுது நான் பார்க்கவில்லை. சமைத்தாள். துவைத்தாள். மத்தியானம் கடைக்குச் சாப்பாடு அனுப்பினாள். பேச வேண்டியதை மட்டும் பேசினாள். அதற்கு முன்பு எங்கள் வீட்டில் சண்டைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. குழம்பில் உப்பு கம்மி என்றால் ஒரு சண்டை. ஜாஸ்தி என்றால் ஒரு சண்டை. சரியாக இருந்துவிட்டால், ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று ஒரு சண்டை. இப்போதோ பல நாள் குழம்பில் உப்பே இருப்பதில்லை. நானும் சொல்வதில்லை, அவளும் கேட்பதில்லை. ரெண்டு பேரும் அதையே பிசைந்து சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுவோம்.

என் கடைக்குப் பக்கத்தில் உரக்கடை வைத்திருப்பவன் தனசேகரன். சின்ன வயதிலிருந்து நண்பன். ஒருநாள் டீ குடிக்கும்போது அவனே பேச்சை எடுத்தான். துக்கத்தை உள்ளேயே வைத்துக்கொண்டால் அது உடம்பைத் தின்றுவிடும் என்றான். கல்வராயன் மலையில் கரியாலூருக்கு அந்தப் பக்கம் பச்சமுத்து என்று அவனுக்குத் தெரிந்த ஆள் இருக்கிறாராம். ஓடையோரம் தன் கொல்லையில் கூடாரம் போட்டுத் தங்க இடம் விடுகிறாராம். சென்னையிலிருந்தெல்லாம் வந்து தங்குகிறார்களாம்.

"வூட்டுக்குள்ளயே இருந்தா எப்படிப்பா வெளியில வரும்? கூட்டிக்கினு போ. மரத்தப் பாத்து, தண்ணியப் பாத்து உக்காந்தா மனசு தானா தொறந்துக்கும்" என்றான்.

யோசனை பிடித்துப்போயிற்று. ஆனால் அவளைக் கிளப்புவது எப்படி? பக்கத்துத் தெரு கல்யாணத்துக்கே வராதவள், கூடாரத்துக்கா வருவாள்? அதனால் ஒரு பொய்யைத் தயார் செய்தேன். எனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, மலைக்காற்று வாங்கினால்தான் இறங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தாஹிரா வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டாள். வெங்காயத்துக்குக்கூட அவள் கண் கலங்கவில்லை.

"டாக்டரு சொன்னாரா?"

"ஆமா."

"எப்போ?"

"முந்தாநேத்து."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, போலாம்" என்றாள்.

இத்தனை வருஷத் தாம்பத்தியத்தில் நான் ஒன்று சொல்லி அவள் உடனே சரி என்றது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது பெருமை.

பச்சமுத்துவிடமே நல்ல கூடாரம் இருக்கிறது என்று தனசேகரன் சொன்னான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தார்ப்பாய் விற்கிறவன் இன்னொருவன் கூடாரத்தில் போய்ப் படுப்பதா? சேலத்துக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிவந்தேன். கூட தாரம் இருந்தால்தான் அது கூடாரம் என்று தனசேகரனிடம் சொல்லிப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. எழுந்து போய் உர மூட்டையை எண்ண ஆரம்பித்துவிட்டான்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, பஸ் மலை ஏறியது. தாஹிரா ஜன்னலோரம். கீழே வயல்கள் சின்னச் சின்னக் கட்டமாகிக்கொண்டே வந்தன. பத்து தடவையாவது காற்று நல்லா இருக்கிறது இல்லையா என்று நான் கேட்டிருப்பேன். அவள் பத்து தடவையும் தலையை மட்டும் ஆட்டினாள்.

பச்சமுத்து ரோட்டுக்கே வந்து நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். என்னை வாங்கண்ணா என்றார், அவளை வாங்கக்கா என்றார். அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். கூடார மூட்டையை நான் சுமந்தேன். மரவள்ளிக் கொல்லையைத் தாண்டினால் ஒரு பெரிய பலாமரம். அதற்கப்பால் கொஞ்சம் வெட்டவெளி. அதை ஒட்டி முழங்காலளவு தண்ணீரில் ஓடை. பச்சமுத்து மரநிழலைக் காட்டி இங்கே போடுங்கள் என்றார். எனக்கு ஓடை பார்த்த வாசல் வேண்டும். வெட்டவெளியில்தான் போடுவேன் என்றேன். உதவிக்கு வந்தவரையும் இது நம்ம தொழில் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கூடாரத்தில் ரெண்டு நீளக் குச்சி. வளைத்தால் வளைகிறது, விட்டால் நிமிர்கிறது. ஒரு முனையைச் சொருகிவிட்டு மறுமுனைக்கு ஓடினால் முதல் முனை பிடுங்கிக்கொண்டு வருகிறது. ஒரு தடவை என் தாடையில் அடித்தது. மலை என்றாலும் மார்ச் வெயில் வெயில்தான். கடைசியில் ஒருவழியாக ஏதோ ஒன்று நின்றது. கவிழ்த்த அன்னக்கூடை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அது வீடுதான் என்று நிரூபிக்க உள்ளே போய்ப் படுத்தேன். தம் போட்ட பிரியாணிக்குள் கறித்துண்டு எப்படி உணரும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. மூச்சு முட்டி எழுந்தபோது கூடாரம் மொத்தமும் என்மேல் படுத்துக்கொண்டது.

துணியை விலக்கி வெளியே வந்தால் தாஹிரா மரத்தடியில் வேர்க்கடலை உரித்துத் தின்றபடி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் உதட்டோரம் லேசாக அசைந்த மாதிரி இருந்தது. எழுந்து வந்தாள். எல்லாவற்றையும் உருவி நிழலுக்கு இழுத்துப் போனாள்.

"இது பாவாடைக்கு நாடா கோக்கிற வேலைங்க. ஒரு பக்கம் புடிச்சிக்கினுதான் தள்ளணும்" என்றாள். நான் ஒரு பக்கம் பிடித்தேன். அவள் கோர்த்தாள். நின்றுவிட்டது.

வெயில் தாழ்ந்த பிறகு ஓடையில் கால் விட்டு உட்கார்ந்தோம். பொடி மீன்கள் வந்து குதிகாலைக் கடித்தன. எங்கேயோ ஒரு பறவை கதவுக் கீல் மாதிரிக் கத்தியது. காற்று குளிர்ந்தது. தாஹிரா நெடுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சமுத்துவின் மனைவி பூமாலை சாமைச் சோறும் கீரைக் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பொழுது சாய்ந்ததும் மக்ரிப் தொழுதோம். இனி என் திட்டத்தை அரங்கேற்ற வேண்டியதுதான்.

இதற்காகக் கடையில் கயிற்றுச் சுருள்களுக்கு முன்னால் பலமுறை ஒத்திகை பார்த்திருந்தேன். முதலில் ஷிரின் நடை பழகிய கதை. பிறகு அவள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசு. அந்த இடத்தில் தாஹிரா விசும்ப வேண்டும். நான் தோளில் கை வைக்க வேண்டும். தைரியமாக இரு என்று சொல்ல வேண்டும்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்ம ஷிரின் இருக்கா பாரு" என்று ஆரம்பித்தேன்.

அந்தச் சமயம் பார்த்து, கொல்லைக்கு அந்தப் பக்கம் பச்சமுத்து வீட்டில் எரிந்துகொண்டிருந்த ஒரே ஒரு பல்பு அணைந்தது. மலையில் கரண்ட் போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது.

எங்கள் வீட்டில் கரண்ட் போனால் ஷிரின் மாடியிலிருந்து, "அத்தா, கரண்ட்டு" என்று கத்துவாள். நான்தான் மின்வாரியம் மாதிரி. நான் என்ன செய்ய முடியும்? கீழே இருந்து, "இதோ வருது" என்று கத்துவேன். கரண்ட் வந்ததும், "தேங்க்ஸ் அத்தா" என்பாள். சின்னப் பிள்ளையிலிருந்து கல்லூரி போகிற வரைக்கும் இதே கூத்து. அவள் போன பிறகு எத்தனையோ தடவை கரண்ட் போயிருக்கிறது. இருட்டில் உட்கார்ந்து, கூப்பிடுவாளா என்று படிக்கட்டையே பார்த்திருக்கிறேன்.

அந்த மலையிலும் நான் அதற்காகக் காது கொடுத்திருக்கிறேன். பலாமர இலை அசைகிற சத்தம்தான் கேட்டது.

பரிசுக் கதை வரைக்கும் நான் போகவில்லை. முதலில் ஒரு மாதிரி இருமல் வந்தது. இருமல் என்றுதான் நினைத்தேன். பிறகு அது நிற்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டேன். அதையும் மீறி வந்தது. தாஹிரா என் கையை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அழுவுங்க" என்றாள். "இன்னும் இருக்குது. உள்ள வெச்சிக்காதீங்க. இங்க நம்மளத் தவுர யாரு இருக்குறா."

அழுதேன். என் தகப்பனாருக்குக்கூட அப்படி அழுததில்லை. பிறகு எப்போது கூடாரத்துக்குள் போனேன், எப்போது தூங்கினேன் என்று தெரியாது. அந்த மழைக்காலத்துக்குப் பிறகு நான் விடியும்வரை தூங்கியது அன்றைக்குத்தான்.

காலையில் கண் விழித்தபோது வெட்கமாக இருந்தது. அழ வேண்டியவள் அழவில்லை. அழவைக்க வந்தவன் அழுதுவிட்டான். வெளியே பச்சமுத்து வரக்காப்பி கொண்டுவந்திருந்தார் போலிருக்கிறது. தாழ்ந்த குரலில் பேசியது துணிக்குள் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அண்ணன் அழுதாராக்கா? தனசேகரண்ணன் போன் மேல போன் போட்டு கேட்டுக்கினு இருக்குறாரு."

"அழுதுட்டாரு. நல்லா அழுதுட்டாரு. சொல்லிடுங்க" என்றாள் என் மனைவி.

நான் பாய்ந்து வெளியே வரப் பார்த்தேன். கூடாரத்தின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. தலை மட்டும் வெளியே வந்தது. பச்சமுத்து என்னைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார். ஆமை மாதிரித் தலையை நீட்டிக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தேன். தாஹிரா காப்பியை ஆற்றிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

தனசேகரனின் மனைவி மணிமொழியிடம் சொல்லி, மலை யோசனையை அவன் வாயில் போட்டதே தாஹிராதானாம். நான் அவளைக் கிளப்பப் பொய் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்ததாம். எங்கள் டாக்டர் மக்காவுக்கு உம்ரா செய்யப் போய் வாரக்கணக்கில் ஆகியிருந்ததாம். ஊருக்கெல்லாம் தெரியும், எனக்குத் தெரியாது.

நீ அழவே இல்லையே, அதனால்தானே நான் இத்தனை பாடுபட்டேன் என்றேன்.

"யாரு சொன்னா? நீங்க கடைக்குப் போனதும் மணிமொழி வூட்டுல போய் தெனம் அழுதுக்கினுதான் இருந்தேன். உங்க எதுர்ல அழுதா நீங்க ஒடஞ்சிடுவீங்கன்னு பயம். நீங்க சிரிக்கல, அழல, கோவப்படல. சண்டையாவது வரட்டும்னு கொழம்புல உப்பே போடாம வெச்சேன். அதையும் தின்னுட்டு எழுந்து போனீங்க. அன்னிக்கிதான் எனக்கு ரொம்ப பயமாயிடுச்சி."

கூடாரத்துக்குள்ளேயே தலையை இழுத்துக்கொண்டேன். அவள்தான் வந்து ஜிப்பைச் சரி செய்து என்னை வெளியே எடுத்தாள். என்னிடம் அழாமல் ஏன் அடுத்த வீட்டில் போய் அழுதாய் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நான் மட்டும் யாரிடம் அழுதேன்?

மத்தியான பஸ்ஸில் இறங்கினோம். மலையை விட்டு இறங்கும் வளைவுகளில் அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். திடீரென்று பேசினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத நாளு, ஷிரின் தலைக்கு எண்ண வெச்சி வுடச் சொன்னா. எனக்கு அசதியா இருந்துச்சி. காலையில வெக்கிறேன்டின்னு சொல்லிட்டேன்." என் தோளிலிருந்து தலையை எடுத்தாள். "மணிமொழிகிட்டகூட இத நான் சொல்லல."

அதோடு உடைந்தாள். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வாய்விட்டு அழுதாள். ஒத்திகை பார்த்த வசனம் எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

எதிர் சீட்டில் மடியில் பலாப்பழத்தோடு ஒரு அம்மா. வடக்கனந்தல் பக்கமாக இருக்க வேண்டும். வெகுநேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு பொறுக்க முடியாமல் என்னைப் பார்த்து ஆரம்பித்தார்.

"இன்னா மனுசன்யா நீ? ஊரு சுத்திக் காட்ட இட்டாந்துட்டு, பொண்டாட்டிய இப்படி அழவுட்டுக்கினு வர்றியே, இது நல்லாருக்கா?"

நாலைந்து சீட்டிலிருந்து ஆமாம் ஆமாம் என்றார்கள். கண்டக்டரும் என்னை முறைத்தார். நீயாவது சொல்லு என்று தாஹிராவைப் பார்த்தேன். அவள் என் சட்டைக் கையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வுடுங்கம்மா" என்றாள். "இப்பதான் கொஞ்சம் கொஞ்சமா திருந்திக்கினு வர்றாரு."