பூசணம் சாரும் உப்புப் போட்ட சோளமும்

பழவேற்காடு ஏரிக்கரையில் பேய்க்குப் பயந்தவர்கள் உண்டு, புயலுக்குப் பயந்தவர்கள் உண்டு, பெண்டாட்டிக்குப் பயந்தவர்கள் ஊருக்குப் பாதிப் பேர். ஆனால் வேர்க்கடலைக்குப் பயந்த ஒரே மனிதர் பூசணம் சார்தான்.

எழுபதுகளின் கடைசியில் நான் கோட்டைக்குப்பத்தில் மீனவர் சங்கத்துக் கிளார்க். எதிர் வீட்டுக்குக் குடி வந்தார் அவர். சாப்பாட்டுப் பொருளிலும் மாடு, கோழித் தீவனத்திலும் பூசணம் கக்கி வைக்கிற நஞ்சை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்; வேர்க்கடலையில் அது அதிகமாம். அதில் எங்கள் பக்கத்துக்கு வாய்த்தவர் இவர். கோழித் தீவனத்துக்குப் போகும் கருவாட்டுத் தூள், ஏரியை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் வயல் கிராமங்களில் மாட்டுக்கு வைக்கும் கடலைப் புண்ணாக்கு என்று எதைக் கண்டாலும் கைப்பிடி கேட்பார். நல்லதைக் கொடுத்தால் முகம் வாடிவிடும். "பூசணம் புடிச்சது இருக்கா?" என்று வாசல் வாசலாகக் கேட்டுக்கொண்டு போகிற மனிதருக்கு ஊர் வேறென்ன பெயர் வைக்கும்?

அவரிடம் பேட்டரியில் எரியும் ஒரு விளக்கு இருந்தது. அதன் ஊதா வெளிச்சத்தில் நஞ்சு நீலமாகவோ பச்சையாகவோ மினுங்குமாம். அதற்கு இருட்டு வேண்டும். ஆகையால் உச்சி வெயிலில் கம்பளியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். வெளியே வரும்போது ஏரியில் முங்கி எழுந்த ஆள் மாதிரி சொட்டச் சொட்ட வருவார். பழவேற்காட்டில் ஒரு பாய் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணியிலிருந்த முந்திரியைச் சோதிக்கத் தட்டோடு கம்பளிக்குள் போய்விட்டார். பாய் பெருந்தன்மைக்காரர். சார் கூச்ச சுபாவம், தனியாகச் சாப்பிடட்டும் என்று இன்னொரு கரண்டி கம்பளிக்குள்ளேயே பரிமாறச் சொன்னார்.

வெளிநாட்டிலிருந்து அவருக்கு அவ்வப்போது மாவுப் பொட்டலம் வரும். ஒரே மாவைப் பல தேசத்து ஆய்வுக்கூடங்களுக்கும் அனுப்பி, அதில் எவ்வளவு நஞ்சு என்று யார் சரியாகச் சொல்கிறார்கள் என்று பார்ப்பார்களாம். பரீட்சை முடிவு வரும்வரை சாருக்குத் தூக்கம் கிடையாது. "ஜப்பான்காரன் இந்த வாட்டி கம்மியா சொல்லிட்டான்" என்று பங்காளியைக் குறை சொல்கிற தோரணையில் என்னிடம் வந்து சொல்வார். அந்த ஜப்பான்காரருக்குப் பொன்னேரியில் வீடு என்று எங்கள் சங்கத்துக் காவலாளி ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் கம்பளி போதவில்லை என்று வலை போட்டு வைக்கும் கொட்டகைக்குள் விளக்கோடு நுழைந்தார். மூலையில் பளபளவென்று என்னவோ மினுங்கியது. வாழ்நாளில் பார்க்காத பூசணம் என்று ஆசையோடு கையை நீட்டினார். அது தேள். ஊதா வெளிச்சத்தில் தேளும் மினுங்கும் என்பதை எங்கள் ஊர் அன்றுதான் தெரிந்துகொண்டது. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வழியெல்லாம் அவர் அலறிக்கொண்டே என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நீலமா பச்சையா, கவனிச்சீங்களா?"

சிரித்து முடித்துவிட்டோம். அடுத்த மழைக்காலத்தில் புயல் வந்தது.

வலை போயிற்று, படகு பாதி உடைந்தது, குடிசைகள் இருந்த இடத்தில் மணல் இருந்தது. சில நாள் கழித்து லாரியில் நிவாரணச் சோளம் வந்தது. வழியெல்லாம் மழையில் நனைந்து, மூட்டைக்குள்ளே சூடேறி, பச்சைப் பசேலென்று பூத்திருந்தது. சார் கைப்பிடி எடுத்துக்கொண்டு கம்பளிக்குள் போனார். வெளியே வந்தபோது முதல் தடவையாக அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஒரு மூட்டை விடாமல் மினுங்குகிறது, யாரும் வாயில் வைக்கக் கூடாது என்றார்.

எங்கள் பெண்களா கேட்பார்கள்? கெட்டுப் போகப் போகிற மீனைக் கழுவி, உப்புப் போட்டு, வெயிலில் காயவைத்துக் காசாக்குகிறவர்கள். சோளத்தையும் அதேபோல ஏரித் தண்ணீரில் அலசி, உப்புத் தூவி, மணலில் பாய் விரித்துக் காயவைத்தால் முடிந்தது என்றார்கள். எல்லாருக்கும் முந்தித் தன் பங்கு மூட்டையைத் தூக்கிப் போன கன்னியம்மா, ஏழுமலை பெண்டாட்டி, அவரிடம் நேராகவே சொன்னாள்: "மீன்ல புழு வெச்சாலே உப்பும் வெயிலும் பாத்துக்கும் சார். இது இன்னா, சோளம்."

"பூசணம் போயிடும்மா. அது விட்டுட்டுப் போன விஷம் போகாது. கழுவினாலும் போகாது, காய வெச்சாலும் போகாது, கொதிக்க வெச்சாலும் போகாது" என்று கெஞ்சினார். கண்ணுக்குத் தெரியாததைச் சொல்லிப் பசியை யார் நிறுத்த முடியும்?

மீதி மூட்டைகள் மறுநாள் பங்கு போடுவதற்காகச் சங்கத்துக் கொட்டகையில் இருந்தன. மேலே எழுதிக் கேட்டுப் பதில் வருவதற்குள் மூட்டை காலியாகிவிடும் என்று சாருக்குத் தெரியும். விடிந்ததும் விடியாததுமாகத் தன் ஸ்டவ்வுக்கு வைத்திருந்த கிருஷ்ணாயில் டின்னைத் தூக்கிப் போய் அத்தனை மூட்டைமேலும் ஊற்றிவிட்டார். எங்கள் பெண்களின் உப்புக்கு மசியாதது உலகத்தில் அந்த வாடை ஒன்றுதான்.

அடித்தார்கள். நான் குறுக்கே விழுந்ததில் எனக்கும் நாலு விழுந்தது. பிறகு பஞ்சாயத்து கூடி ஊர்க் கட்டுப்பாடு போட்டது: அவருக்குத் தண்ணீர் கிடையாது, நெருப்பு கிடையாது, அவரோடு பேச்சு கிடையாது. ஊர் நண்டையும் மட்டியையும் அவித்துத் தின்றுகொண்டு அவரைச் சபித்தது. வேறு யாராயிருந்தாலும் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பார்கள். இவர் போகவில்லை. கன்னியம்மா வீட்டில் ஒரு மூட்டை இருக்கிறதே.

தினமும் போய் அவள் வாசலில் நிற்பார். அவள் பேசமாட்டாள். சில வாரத்தில் அவள் வீட்டு நாய் செத்தது. அடுத்து ஏழுமலைக்குக் கண் மஞ்சளாயிற்று. படகைப் பழுது பார்க்கிற ஆம்பிளை என்று பெரிய பங்கு அவனுக்குத்தான் வைத்திருந்தாள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள், வயிறு வீங்கியது. ஆஸ்பத்திரியில் குடிப்பாரா என்று கேட்டார்கள். குடிப்பான். அதோடு விசாரணை முடிந்தது.

அன்று சார் அவள் வாசலில் கவிழ்த்திருந்த படகைப் பார்த்துப் பேசினார். கட்டுப்பாடு மனுஷர்களுக்குத்தானே, படகுக்கு இல்லையே.

"படகே, அந்தச் சோளத்தைப் பிள்ளைங்களுக்குக் குடுக்க வேணாம்னு அந்தம்மாகிட்ட சொல்லு."

பிறகு கன்னியம்மா வெளியே வந்து அவளும் படகைப் பார்த்தாள்.

"படகே, வேற இன்னாத்த குடுக்கறதுன்னு அந்தாள கேளு."

எத்தனையோ தேசத்துக்காரர்கள் கூடிச் செய்கிற ஆராய்ச்சியில் அந்தக் கேள்வி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. சார் விறுவிறுவென்று போய்விட்டார். மறுநாள் பொன்னேரியிலிருந்து ஓர் அரிசி மூட்டையைத் தலையில் சுமந்து வந்து படகின்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அவள் அரிசியை உள்ளே எடுத்துப் போனாள். மீதிச் சோளத்தைக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தாள். அவர் அதைத் தூக்கிப் போய்க் குழி தோண்டிப் புதைத்தார்.

மூன்று பிள்ளைகளும் பிழைத்தார்கள். ஏழுமலை பிழைக்கவில்லை.

பாடை கட்டியாயிற்று. அந்த விளக்கைக் காட்டிக் காட்டித்தான் ஏழுமலைக்கு இப்படி ஆயிற்று என்றுகூடச் சிலர் முணுமுணுத்தார்கள். சார் தென்னை மரத்தடியில் ஒதுங்கி நின்று அழுதுகொண்டிருந்தார். கட்டுப்பாடு விழுந்தவன் பாடையைத் தொடக் கூடாது. மூன்று பேர் மூலைக்கு ஒருவராக நின்று, நாலாவது ஆள் குனியும்போது கன்னியம்மா தடுத்தாள்.

"அந்த எடத்துல சார் நிக்கட்டும்."

கட்டுப்பாடு இருக்கிறதே அம்மா என்று பஞ்சாயத்துப் பெரியவர் இழுத்தார். அவள் பிள்ளைகளைக் காட்டினாள்.

"அவரு பேச்ச பாதிதான் கேட்டேன், இதுங்க மூணும் நிக்குது. முழுசா கேட்டிருந்தா இதுங்க நைனாவும் நின்னிருப்பாரு."

பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து வழி விட்டார். சார் வந்து தோள் கொடுத்தார். குள்ளமான மனிதர். மற்ற மூவரும் படகு தள்ளி வளர்ந்த ஆட்கள். அவர் நுனிக்காலில் நடந்து பார்த்தார், மணலில் கால் புதைந்தது. நான் பின்னாலேயே போனேன். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அந்த நடையில்தான் தெரிந்தது. சுடுகாடு வரைக்கும் பாடை அவர் பக்கமாகச் சாய்ந்தே போயிற்று. ஆளை மாற்றச் சொல்லி ஒருவரும் வாய் திறக்கவில்லை.