கல் கிடைக்காத ஊரில் ஒரு மலைச்செடி

கல்லூரிச் சுற்றுலாவில் கொடைக்கானல் போனபோது, பாறை இடுக்கில் சிவப்பாகப் பூத்திருந்த டயாந்தஸ் செடியைப் பார்த்ததும் எனக்கு அந்த யோசனை வந்தது. பனியில் வருஷக்கணக்காகப் பிழைக்கிற செடி, டெல்டாவில் இருக்கிற எங்கள் குத்தாலத்தில் பிழைக்காதா? (தாவரவியல் இரண்டாம் ஆண்டு. எதையும் எங்கேயும் வளர்த்துவிடலாம் என்று தோன்றுகிற வயது.)

"வேருல தண்ணி நிக்கக் கூடாதும்மா. கல்லுக்கு நடுவுல வைக்கணும்" என்று அங்கிருந்த தோட்டக்காரர் ஒரு வேர்த்துண்டைக் கொடுத்தார்.

ஊருக்கு வந்த பிறகுதான் உறைத்தது, எங்கள் பக்கம் கல்லே கிடையாது. எங்கே தோண்டினாலும் களிமண். துரத்துகிற நாயின் மேல் எறியக்கூட மண்ணாங்கட்டிதான்.

கொல்லைக் கோடியில் ஒரு கல் பாதி புதைந்து சும்மா நின்றது. பிடுங்கிக் கொல்லை நடுவில் நட்டு, உடைந்த ஓடுகளைச் சுற்றி அடுக்கிச் செடியை வைத்தேன். (அது எல்லைக்கல் என்று தோன்றவேயில்லை. செடியின் லத்தீன் பெயர் மட்டும் மனப்பாடம்.) குளிர்ச்சிக்கு, முத்துப்பேட்டை மீன்காரரிடம் ஐஸ் வாங்கி வேரில் கொட்டினேன். தெருப்பூனைகள் குடும்பத்தோடு வந்தன.

மிராசுதார் இடத்தில் வீடு கட்டியிருப்பவர்களுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்திருந்த சமயம். எங்கள் வீடும் அப்படிக் கட்டியதுதான்; பட்டாவுக்காக அப்பா நடையாய் நடந்துகொண்டிருந்தார். மறுவாரம் சர்வேயர் அளவுச் சங்கிலியோடு வந்தார். கூடவே மிராசுதாரின் ஏஜென்ட்.

"இதோ இருக்குங்களே கல்லு" என்றார் ஏஜென்ட். "இதுக்கு அந்தாண்ட பூரா எங்க இடம்."

எங்கள் மாட்டுக்கொட்டகை 'அந்தாண்ட' இருந்தது. அப்பா என்னைப் பார்த்தார்.

"நான்தான் சார் பிடுங்கி வச்சேன். செடிக்கு."

"கல்லுல யாரும்மா செடி வைப்பா? படிச்ச பொண்ணு, கதை நல்லாத்தான் கட்டுது" என்று ஏஜென்ட் சிரித்தார்.

"கதையில்லீங்க. நீங்களே பாருங்க" என்று ஓடுகளை விலக்கினேன்.

ஐஸ் தண்ணீரில் அழுகிய செடி, அதைச் சுற்றி மீன் செதில். சர்வேயர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"யோவ், இப்படி ஒண்ணை எவனாலயும் ஜோடிக்க முடியாது. பழைய குழி எங்கம்மா?"

காட்டினேன். தூர்ந்துபோகாத குழியில் கல் அச்சாக உட்கார்ந்தது.

பட்டா வந்துவிட்டது. யார் வீட்டுக்கு வந்தாலும் அப்பா காபி வருவதற்குள் ஆரம்பித்துவிடுவார்: "எங்க மனைக்குச் சாட்சி சொன்னது ஒரு அழுகின செடிங்க."

அது வெயிலில் செத்ததா, ஐஸில் செத்ததா என்பது மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை. அதனால் வருகிற மார்கழியில், ஐஸ் இல்லாமல் இன்னொன்று. ஆற்றுமணலும் செங்கல் ஜல்லியும் சேர்த்துவிட்டேன்.

அப்பா நான்கு எல்லைக்கல்லுக்கும் சிமெண்ட் போட்டுவிட்டார்.