ஆறாம் பாகம்

"மாதங்கி பொழைச்சுட்டாளா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

தாமரைச்செல்வி டீச்சர் விளாங்குடி பஸ் ஸ்டாப்பில் இப்படிக் கேட்டதும் அழகுராஜா பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்தான். மாதங்கிக்கு என்ன கேடு வந்தது என்பதே அவனுக்குத் தெரியாது.

'கருநிலாக் கோட்டை' ஒரு ரத்தக்காட்டேரி நாவல் தொடர்; மாதங்கி அதன் நாயகி. டீச்சருக்கு அதில் பைத்தியம். பரவைப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பஸ் வரும்வரை, படித்த பாகத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பாள். பரவையில் பம்ப்செட் கடையில் வேலை பார்க்கும் அழகுராஜா, அவளிடம் பேச வேறு வழி தெரியாமல் முதல் பாகத்தைப் படித்தான். இரண்டாம் பாகத்தில் தூங்கிப்போனான்.

நேற்று அவள் ஐந்தாம் பாகத்தைப் பற்றி ஆரம்பித்தபோது, தப்பிக்க நினைத்து, "அதெல்லாம் பழசுங்க. நான் ஆறாம் பாகம் படிச்சுக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டான்.

டீச்சர் அவனையே சற்றுநேரம் பார்த்துவிட்டு, "அப்படியா?" என்றாள்.

அதன் பலன்தான் இன்றைய கேள்வி.

"பொழைச்சுட்டா" என்றான். "தண்ணி கேட்டு எந்திரிச்சுட்டா."

"கல்லறைக்குள்ள இருந்தா?"

"செத்தா தாகம் எடுக்காதாங்க?"

"யாரு தண்ணி குடுத்தது?"

"இளவழுதிதான்." காட்டேரியின் பெயராவது நினைவிருந்ததே. "குதிரையில பறந்து வந்துட்டான்."

"குதிரை மூணாம் பாகத்துலயே செத்துப்போச்சே."

"இது அது போட்ட குட்டிங்க."

"அது ஆண் குதிரை."

"அதான் கதையில மர்மமே."

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பஸ் வந்துவிட்டது.

அன்று முதல் தினமும் ஒரு துண்டுக் கதை சொல்ல வேண்டியதாயிற்று. கடையில் நின்றபடியே மறுநாள் கதையை யோசித்தான். கிணற்று மோட்டார் கேட்டவருக்குத் தொட்டி மோட்டாரைக் கட்டிக் கொடுத்து முதலாளியிடம் ஏச்சு வாங்கினான்.

ஒருநாள், "இளவழுதி மாதங்கி வீட்டு ஜன்னலுக்கு வெளிய நிக்கிறான்" என்றான். "கூப்பிடாம காட்டேரி வீட்டுக்குள்ள நுழைய முடியாதுல்ல? வெயில் வருமேங்கிற பயம்கூட இல்லாம நிக்கிறான்."

"அவ ஏன் கூப்பிடல?"

"அவன் நிக்கிறது அவளுக்குத் தெரியாதுங்க."

"தெரிஞ்சிருக்கும்" என்றாள் டீச்சர், சாலையைப் பார்த்தபடி. "வாய் திறந்து ஒரு வார்த்தை கேக்கட்டுமேன்னு அவளும் உள்ள நின்னிருப்பா."

அழகுராஜாவுக்குக் கேட்க வேண்டிய வார்த்தை தொண்டைவரை வந்தது. பஸ்ஸும் வந்தது.

மறுநாள் அவள், "அந்தப் புத்தகத்தைக் குடுங்களேன், நானும் படிக்கிறேன்" என்றாள்.

"அது... டி. கல்லுப்பட்டிக் கூட்டாளி ஒருத்தன் வாங்கிட்டுப் போயிட்டான்."

"ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை ஒண்ணும் இல்ல. ரெண்டு பேருமாப் போய் வாங்கிட்டு வருவமா?"

அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தைக்காக அவன் எத்தனை காலமாக ஏங்கியிருக்கிறான். திருமங்கலம் தாண்டி கல்லுப்பட்டிவரை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகலாம். ஆனால் போய் இறங்கினால் அங்கே கூட்டாளியும் இல்லை, புத்தகமும் இல்லை.

"வேண்டாங்க, வெயிலு எம்புட்டு அடிக்குது பாருங்க. நானே போய் வாங்கிட்டு வாரேன்."

"சரி" என்றாள் டீச்சர். அவள் முகம் வாடிவிட்டது. பஸ்ஸில் அன்று அவள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. பரவை வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அழகுராஜா, பஸ் ஸ்டாப்புக்கு எதிரே வாடகைக்குப் புத்தகம் விடும் சங்கிலியின் கடைக்குப் போனான். நிஜமான ஆறாம் பாகத்தை வாங்கிப் படித்து, அவள் கையில் கொடுத்து, சொன்ன பொய்யையும் சொல்லாத ஆசையையும் சேர்த்தே சொல்லிவிடுவதென்று முடிவு செய்திருந்தான்.

"சங்கிலி, கருநிலாக் கோட்டை ஆறாம் பாகம் இருக்கா?"

புத்தகங்களைத் தூசி தட்டிக்கொண்டிருந்த சங்கிலி திரும்பிப் பார்த்தான்.

"ஆறாம் பாகமா? அஞ்சோட கதை முடிஞ்சுபோச்சேண்ணே. உங்ககூட பஸ்ஸுக்கு நிப்பாகளே தாமரைச்செல்வி டீச்சர், போன வருசம் கடைசிப் பக்கத்தைப் படிச்சிட்டு, இனி ஆறாம் பாகமே வராதான்னு இங்க உக்காந்து அம்புட்டு அழுகை அழுதாக."