பச்சை வகையும் பழுதான தராசும்

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை ஏழரை மணிக்குச் சலவைத்தூள் கிடங்கின் மேற்பார்வையாளர் தம் வீட்டுச் சமையலறையில் கரண்டியுடன் நின்றுகொண்டிருந்தார். பதினைந்து வயது நிரம்பிய அவருடைய ஒரே மகள் மேசையில் அமர்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் இருந்த தட்டில் சோறும் பொரித்த முட்டையும் பாதிக்கு மேல் அப்படியே இருந்தன.

"போதும்பா."

"என்ன போதும்? இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!"

"பசிக்கல."

"நேத்தும் பசிக்கல, முந்தாநாளும் பசிக்கல. எப்பத்தான் பசிக்கும்னு முன்கூட்டியே சொல்லிடு. லீவு போட்டுட்டு வந்து பாக்கறேன்."

மகள் சிரிக்கவில்லை. "நீங்க சாப்பிட்டீங்களா?"

"நான் வேலையிலேயே முடிச்சிட்டேன். உன்னைப் பத்திப் பேசினா என் பேச்சை எதுக்கு எடுக்கற?"

அவள் தட்டை அவர் பக்கமாக நகர்த்திவிட்டுத் தன் அறைக்குப் போனாள். அவர் கழுவுதொட்டியின் அருகே நின்றவாறே, முணுமுணுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தின்று முடித்தார். உணவைக் குப்பையில் கொட்டுவது அவ்வீட்டில் வழக்கமில்லை. சென்ற ஆண்டு காலமான அவருடைய மனைவி விதித்த சட்டம் அது. சனிக்கிழமை தோறும் திரைச்சீலை துவைப்பது, சாப்பிடும்போது செய்தித்தாள் படிக்காமலிருப்பது முதலிய மற்றச் சட்டங்கள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகிவிட்டன. இது ஒன்று மட்டும் நின்றது.

மறுநாள் அவருடைய அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

"டேய் தம்பி, உண்மையைச் சொல்லு. புள்ளை ஒழுங்கா சாப்பிடுதா?"

அக்காவிடம் மட்டும் பொய் சொல்லும் திறமை மேற்பார்வையாளருக்குச் சிறு வயது முதலே கைகூடவில்லை. "பாதிதான் சாப்பிடறா, அக்கா."

"தெரியும்டா எனக்கு. தாயில்லாத புள்ளையைப் பட்டினி போட்டு வளக்கற. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வரேன். என் கண்ணு முன்னாடி அவ தட்டு காலியாகணும். இல்லேன்னா கையோட கூட்டிட்டுப் போயிடுவேன். எங்க ஊர்லயும் பள்ளிக்கூடம் இருக்கு."

அக்கா சொன்னால் செய்வார். மகளும் போய்விட்டால், அவ்வீட்டில் அவருடன் ஒலியெழுப்பிக்கொண்டிருக்கக் குளிர்சாதனப் பெட்டி ஒன்றே எஞ்சும். மேற்பார்வையாளர் அன்று கிடங்கில் சோப்புப் பெட்டிகளைத் தவறான அடுக்கில் வைக்கச் சொன்னார். இருபது ஆண்டுகளில் அதுவே முதல் முறை.

இந்நிலையில்தான் மகளின் பள்ளியிலிருந்து பெற்றோருக்கு அழைப்பு வந்தது. வளரிளம் பருவத்தினரின் குணவகைக்கும் உணவு, உறக்கம், உடல்நலம் ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய கூட்டம் அது. மாணவர்கள் அனைவருக்கும் கேள்விகள் கொடுத்து, வகை பிரித்து வைத்திருந்தார் பள்ளியின் ஆலோசகர். அவர் இளம்பெண், தம் முறைமீது முழு நம்பிக்கை உடையவர்.

சிவப்பு வகையினர் முன்னின்று நடத்துவோர். உடற்பயிற்சி செய்வர், காலை உணவைத் தவிர்ப்பர். மஞ்சள் வகையினர் கூடிப் பழகுவோர். கூட்டம் இருந்தால்தான் சோறு இறங்கும். நீல வகையினர் தனிமை நாடுவோர். அவர்களுக்குத் தட்டை அறையிலேயே கொடுத்துவிட வேண்டும். பச்சை வகையினர் தம்மைவிடப் பிறரைக் கவனிப்போர்.

வாழ்நாள் முழுவதும் சரக்கை நிறம் பார்த்து அடுக்கிய மேற்பார்வையாளருக்கு உள்ளம் நிறைந்தது. இப்படிப்பட்ட ஒழுங்கை மனிதர்களிடம் அவர் எதிர்பார்க்கவில்லை. கூட்டம் முடிந்ததும் ஆலோசகரிடம் போனார்.

"என் பொண்ணு எந்த அடுக்கு, மேடம்?"

"அடுக்கு இல்ல சார், வகை. உங்க பொண்ணு பச்சை. நல்ல பசி, நேரத்துக்குத் தூக்கம். எடைகூட வயசுக்குச் சரியா இருக்கு. கவலையே படாதீங்க."

"என் பொண்ணா? அவ சாப்பிடறதே இல்லையே!"

"ரிசல்ட் அப்படித்தான் சொல்லுது, சார்."

"எங்க கிடங்குலயும் இப்படித்தான் மேடம். சோப்புப் பெட்டி மேல பொடின்னு ஸ்டிக்கர் ஒட்டிடுவாங்க. பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

ஆலோசகரின் முகம் சிவப்பு வகைக்கு மாறியது. மேற்பார்வையாளர் கும்பிட்டு விடைபெற்றார். வகைகள் சரி, ஒட்டியதுதான் தவறு என்பது அவருடைய முடிவு. மகளுக்குரிய சரியான நிறத்தைத் தாமே கண்டறியத் துணிந்தார்.

முதலில் நீலம். அன்று மாலை தட்டை அவளுடைய அறையில் வைத்துவிட்டுக் கதவை மெல்லச் சாத்தினார்.

அரைமணி நேரத்தில் தட்டு வெளியே வந்தது. ஒரு வாய்ச் சோறு குறைந்திருந்தது.

"இவ்வளவுதானா?"

"பசிக்கல."

முன்பு பாதியாவது சாப்பிட்டவள் இப்போது அதையும் விட்டுவிட்டாள். அவர் தொட்டியருகே நின்று அந்தத் தட்டு முழுவதையும் உண்டார். கோபத்தில் இரண்டு முறை புரையேறியது. கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதை அவர் மன்னிப்புக் கேட்கும் முயற்சியாக எடுத்துக்கொண்டார்.

நீலம் இல்லையென்றால் மஞ்சள். கீழ்த்தளத்து வீட்டில் மகளின் வகுப்புத் தோழி ஒருத்தி இருந்தாள். வாய் ஓயாத காரணத்தால் கட்டடம் முழுவதும் அவளை 'ரேடியோ' என்றே அழைத்தது. அவளை விருந்துக்கு அழைத்தார்.

"அங்கிள், சூப்பர்! உருளைக்கிழங்கா? எனக்கு உருளைக்கிழங்குன்னா உயிரு. எங்கம்மா பண்ணினா வேகவே வேகாது. இன்னும் கொஞ்சம் போடுங்க. ஏய், நீ சாப்பிடலையா? அப்ப அந்த முட்டையை இங்க தள்ளு."

ரேடியோ தன் தட்டை முடித்தாள். தோழியின் தட்டை முடித்தாள். சட்டியின் அடியைச் சுரண்டி அதையும் முடித்தாள். மேசைக்குக் கீழே மகள் அவள் காலை மிதித்ததை மேற்பார்வையாளர் கவனிக்கவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தவை இரண்டு காலித் தட்டுகள் மட்டுமே.

"பாத்தியா! கூட ஒரு ஆள் இருந்தா எப்படி இறங்குது!" என்று சொல்லிக்கொண்டே பாத்திரம் கழுவினார். சமையல் இவ்வளவு சுத்தமாகத் தீர்ந்ததில் அவருக்குப் பெருமை. பிறகு ஒரு குவளைத் தண்ணீர் குடித்துவிட்டு விளக்கை அணைக்கப் போனார்.

மகள் வாசற்படியில் நின்றாள். "நீங்க?"

"நான் வேலையிலேயே முடிச்சிட்டேன்மா."

அவள் விசும்பத் தொடங்கினாள். ஏன் என்று கேட்டதற்கு, "அவளை இனிமே கூப்பிடாதீங்க" என்று மட்டும் சொன்னாள். மஞ்சளும் அல்ல என்பது உறுதியாயிற்று.

எஞ்சியது சிவப்பு. மறுநாள் காலை மகளை எழுப்பிப் பூங்காவைச் சுற்றி ஓட அழைத்துச் சென்றார். பாதிச் சுற்றில் மகள் திரும்பிப் பார்த்தபோது தந்தை பெஞ்சில் அமர்ந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வானம் சுற்றுவதாக அவருக்குத் தோன்றியது.

"என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ஷூ கடிக்குது."

மகள் எதிர்க்கடையைக் காட்டினாள். "எனக்கு வாழைப்பழம் வேணும்."

அவள் தானாக ஓர் உணவைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அவர் தள்ளாடியபடி ஓடினார். அவள் வாங்கி, ஒரு கடி கடித்து, முகத்தைச் சுளித்தாள். "நல்லாவே இல்ல. நீங்களே சாப்பிடுங்க. இன்னொண்ணு வாங்குங்க."

இரண்டாவது பழத்துக்கும் அதே கதி.

"உனக்கு நாக்கா, நீதிமன்றமா? எதைக் கொடுத்தாலும் தள்ளுபடி!" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே இரண்டையும் தின்றார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஆலோசகரின் வகையும் பொய், அவர் சொன்ன எடையும் பொய் என்று அக்கா வருமுன் நிரூபித்தாக வேண்டும். சனிக்கிழமை மகளைக் கிடங்குக்கு அழைத்துச் சென்று, மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் நிறுத்தினார். அவளுடைய எடை, சென்ற ஆண்டைவிட நான்கு கிலோ கூடியிருந்தது.

சரக்குவண்டி ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, பாப்பா நல்லா தேறியிருக்கே!"

"பட்டினி கிடக்கற புள்ளை எடை எப்படிய்யா கூடும்? தராசு பழுது."

உடனே 'பழுது' என்று எழுதிய மஞ்சள் அட்டையைத் தராசில் மாட்டினார். பன்னிரண்டு வண்டிச் சரக்கு வாசலில் நின்றது. மேலாளர் மாடியிலிருந்து கத்தினார். மெக்கானிக் வரவழைக்கப்பட்டார்; எடைக்கற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்.

"சார், மிஷின் பக்காவா இருக்கு."

"எப்படி இருக்கும்? நானே ஏறிக் காட்டறேன். என் எடை எழுபத்திரண்டு. வருஷக்கணக்கா எழுபத்திரண்டு."

அவர் ஏறினார். தராசு ஐம்பத்தெட்டு என்று காட்டியது.

"பாத்தீங்களா!" மேற்பார்வையாளர் வெற்றிப் பெருமிதத்துடன் சுற்றிலும் பார்த்தார். "அவளுக்கு ஏத்திக் காட்டுது, எனக்கு இறக்கிக் காட்டுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

மெக்கானிக் அவரை மேலும் கீழும் பார்த்தார். மேற்பார்வையாளரின் கால்சட்டை, பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டையால் இடுப்பில் இறுக்கப்பட்டிருந்தது.

"பெல்ட் என்னாச்சு, சார்?"

"அதுவும் லூசாயிடுச்சு. இப்பல்லாம் எந்தச் சாமான்யா தரமா வருது?"

ஓட்டுநர் அந்தப் பட்டையையும் தராசையும் மாறி மாறிப் பார்த்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அட்டை தராசிலேயே தொங்கியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார். அவருடைய கையிலிருந்த பெட்டி காலியாக இருந்தது. மகளின் துணிகளுக்காகவே அது கொண்டுவரப்பட்டது. வந்தவர் கையைக் கழுவிக்கொண்டு தாமே சமைத்தார், தாமே பரிமாறினார். பிறகு எதிரில் அமர்ந்தார்.

மகள் நான்கு வாய் உண்டாள். அத்தையைப் பார்த்தாள். சமையலறை வாசலில் நின்ற தந்தையைப் பார்த்தாள். ஐந்தாவது வாயை எடுத்து, நெடுநேரம் கையிலேயே வைத்திருந்து, தட்டில் திரும்ப வைத்தாள்.

"போதும், அத்தை."

"இதைத்தான் பாக்க வந்தேன். போ, துணியை எடுத்து வை."

"அக்கா, இன்னும் ஒரு வாரம்…" என்றார் மேற்பார்வையாளர்.

"ஒரு வாரத்துல என்ன கிழிப்ப? வகைங்கற, தராசுங்கற. உனக்குப் புள்ளை வளக்கத் தெரியலடா. தெரியலேன்னு ஒத்துக்கறதுல தப்பில்ல."

மேற்பார்வையாளர் மகளின் அறைக்குள் போய், அலமாரியைத் திறந்து, பள்ளிச் சீருடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, மூலை பிசகாமல் மடிக்கத் தொடங்கினார். அடுக்குவதில் அவருக்கு நிகர் எவருமில்லை. ஆனால் அன்று ஒரே சட்டையை மூன்று முறை மடித்தார்.

மகள் ஓடிவந்து அவர் கையிலிருந்த சட்டையைப் பிடுங்கினாள். "நான் போகமாட்டேன்! நான் போயிட்டா அப்பா…"

"அப்பாவுக்கு என்ன?" என்றார் அத்தை, பின்னாலேயே வந்து. "அவன் என்ன கைக்குழந்தையா?"

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். அவளுடைய தந்தை, தம் பங்குக்கு, கைக்கு எட்டிய காலுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது வாசலில் குரல் கேட்டது. "அங்கிள்! இவ தண்ணி பாட்டிலை மறுபடியும் எங்க வீட்டு டேபிள்ல வெச்சிட்டு வந்துட்டா. ஐயோ, என்ன எல்லாரும் அழறீங்க? பெட்டி எதுக்கு?"

"சரியா சாப்பிடாத புள்ளையை ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் அத்தை.

"யாரு, இவளா சாப்பிடறதில்ல?"

மகள் வேண்டாம் என்று வேகமாகத் தலையசைத்தாள். ஆனால் அந்த ரேடியோவை அணைக்க எவராலும் இயன்றதில்லை.

"தினமும் ஸ்கூல் விட்டதும் எங்க வீட்டுல வயிறு முட்டச் சாப்பிடறா, ஆன்ட்டி. இங்க அவ உக்கார்றதே மிச்சம் வெக்கத்தான். இவ அம்மா செத்ததிலேருந்து இவ தட்டுல மிஞ்சறதைத் தவிர அங்கிள் வேற எதுவுமே சாப்பிடறதில்லையாம்."

குளிர்சாதனப் பெட்டியின் ஒலி மட்டும் கேட்டது.

இறுதியில் எடுக்கப்பட்ட முடிவுகள் பின்வருமாறு. மகள் எங்கும் போக வேண்டியதில்லை. காலிப் பெட்டியுடன் வந்த அக்கா ஒரு வாரம் தங்குவார். கண்காணிப்பு மகளுக்கன்று, தம்பிக்கு. தராசில் தொங்கிய அட்டை திங்கட்கிழமை காலை அகற்றப்படும். மெக்கானிக்கிடமும் ஆலோசகரிடமும் மேற்பார்வையாளர் நேரில் சென்று, இரண்டு கணக்கும் சரியே என்று ஒப்புக்கொள்வார். உணவைக் கொட்டக் கூடாது என்ற பழைய சட்டம் தொடரும். இனி அவரும் மேசையில் உட்கார்ந்தே உண்பார். அன்று பகலே அவருக்கு ஒரு தனித் தட்டு வைக்கப்பட்டது. அது காலியாகும்வரை மகள் எழுந்திருக்கவில்லை.