கொஞ்சம் திரும்பிப் போயிட்டு வாங்க

மனிதர்களில் வாசலில் கேமரா வைத்தவர், வைக்காதவர் என இரண்டே வகைதான் உண்டென்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், மூன்றாவது வகையை இன்னும் சந்திக்கவில்லை என்று பொருள். அவர் கேமராவின் செட்டிங்கை மாற்றிக்கொண்டே இருப்பவர். மற்றவர்கள் திருடனுக்குப் பயந்து கேமரா வைக்கிறார்கள், பிறகு மறந்துவிடுகிறார்கள். இவருக்குத் திருடன் ஒரு பொருட்டே இல்லை. வந்தால் நொடிக்கு எத்தனை படமாக விழுவான் என்பதுதான் கவலை.

எங்கே தேடுவது என்கிறீர்களா? ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே மோட்டார் பம்பு சாமான் கடை வைத்திருக்கும் அழகுபாண்டியைப் பாருங்கள், போதும். வீடு நாகமலை புதுக்கோட்டையில். மனைவி தமிழ்ச்செல்வி வேலைக்குப் போய்விட்டால் வீடு பூட்டித்தான் கிடக்கும். பூட்டிய வீட்டின் வாசலைக் கடையிலிருந்தே செல்போனில் பார்க்கலாம் என்று யாரோ சொல்லப்போக, வாங்கி மாட்டினார். மாட்டிய அன்றே பிடித்தது சனி.

முதலில் சென்சார். யாராவது அசைந்தால் அதுவாக விழித்துக்கொண்டு படம் பிடித்து, செல்போனில் மணி அடிக்கும் என்றார்கள். அடித்தது. வேப்பிலை அசைந்தால் அடித்தது, பக்கத்து வீட்டுக் கொடியில் சேலை அசைந்தால் அடித்தது, பல்லி ஒன்று கேமராவின் மேலேயே குடியேறி வாலை ஆட்ட, அதற்கும் 'ஆள் நடமாட்டம்' என்று அடித்தது. சென்சாரின் கூர்மையைக் குறைத்தார். கரண்ட் ரீடிங் எடுக்கிறவர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கூட்டினார். மறுபடியும் பல்லி. மறுபடியும் குறைத்தார்.

அடுத்தது படங்களின் எண்ணிக்கை. நொடிக்கு இருபத்தைந்து என்று வைத்தால் பார்க்க சினிமா மாதிரிதான் இருக்கும். ஆனால் மெமரி கார்டு நிரம்பிவிடும், நெட்டும் தீர்ந்துவிடும். பத்தாக்கினார், ஐந்தாக்கினார், கடைசியில் நொடிக்கு ஒரே படம் என்ற சிக்கனத்தில் வந்து நின்றார். அதே கையோடு ஒலியின் தரத்தையும் அடிமட்டத்துக்கு இறக்கினார். விளைவு? பால்காரர் நடப்பதே இல்லை. ஒரு படத்தில் கேட்டுக்கு வெளியே நிற்பார், அடுத்த படத்தில் உள்ளே நிற்பார். நடுவில் என்ன செய்தார் என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

செட்டிங்கை மாற்றினால் சோதித்துப் பார்க்க வேண்டாமா? சோதிக்க ஆள் வேண்டாமா? அதற்குத்தான் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். கேமராவிலேயே ஒரு ஸ்பீக்கரும் உண்டு. வந்தவர் யாராக இருந்தாலும் அதிலிருந்து குரல் கிளம்பும்: "அண்ணே, கோவிச்சுக்கிறாதீங்க, தெருமுனை வரைக்கும் கொஞ்சம் திரும்பிப் போயிட்டு, மெதுவா நடந்து வாங்க." சிலிண்டர் போட வந்தவர் சிலிண்டரைத் தோளில் வைத்தபடியே நடந்தார். மாமனார் முழங்கால் வலியோடு நடந்தார். தமிழ்ச்செல்வி ஒருத்திதான் நடக்கவில்லை.

"நானே அலுத்துச் சலிச்சு வாரேன். என்னையத் திரும்பிப் போகச் சொன்னா, நேரா எங்கம்மா வீட்லதான் போய் நிப்பேன், பாத்துக்க."

அவளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

இத்தனைக்கும் அழகுபாண்டி கல்நெஞ்சக்காரர் அல்ல. கீழக்குயில்குடியில் அவருக்கு ஒரே அக்கா, முத்துமீனா. அக்கா மகள் நாகஜோதியின் சடங்குக்கு வைத்த ப்ளெக்ஸில், தாய்மாமனான தன் படத்தைத் தபால்தலை அளவிலும், மச்சானுடைய பங்காளி படத்தை ஆளுயரத்திலும் போட்டுவிட்டார்கள் என்று பந்தலிலேயே முறுக்கிக்கொண்டு கிளம்பி வந்தவர்தான்; அதன்பிறகு இரு வீட்டுக்கும் பேச்சில்லை. இப்போது நாகஜோதிக்குக் கல்யாணமாம். தாய்மாமனுக்குத்தானே முதல் பத்திரிகை? அக்கா வருவாளா? வந்தால் பழசையெல்லாம் மறந்துவிடுவது, வராவிட்டால் அந்த வாசலைச் செத்தாலும் மிதிப்பதில்லை என்று முடிவு கட்டியிருந்தார். கல்லாவில் உட்கார்ந்து செல்போனையே வெறித்துக்கொண்டிருந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். பாவம், நல்ல மனுஷன்.

அக்கா வந்தாள். ஒரு மத்தியானம் செல்போனைத் திறந்தவர், பூட்டிய கேட்டுக்கு முன்னால் தட்டும் பத்திரிகையுமாக முத்துமீனா நிற்பதைப் பார்த்தார். கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. மணி அடிக்கவே இல்லையே! கைக்கெட்டும் தூரத்தில் ஆள் நிற்கிறாள், சென்சார் தூங்குகிறதே!

ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கினார். "அக்கா! தெருமுனைக்குத் திரும்பிப் போயிட்டு, மெதுவா நடந்து வாக்கா!"

அடிமட்டத்துக்கு இறக்கிய ஒலி அவ்வளவு பெரிய வாக்கியத்தைத் தாங்கவில்லை. முன்னும் பின்னும் விழுங்கிவிட்டு, முத்துமீனாவின் காதில் போட்டது இரண்டே வார்த்தை: "திரும்பிப் போ."

முத்துமீனா திரும்பினாள். உடனே செல்போன் மணி அடித்தது.

"அடிச்சிருச்சுண்ணே! சென்சார் அடிச்சிருச்சு!" என்று பம்பு வாங்க வந்தவரின் தோளைப் பிடித்து உலுக்கினார் அழகுபாண்டி. திரையில் படங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. அக்காவின் முதுகு. இன்னும் சின்னதாக அதே முதுகு. ஓர் ஆட்டோ. வெறும் தெரு. அவள் நடந்து வருவாள் என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் விபரீதம் புரிந்தது. கடையைப் போட்டது போட்டபடி விட்டு, பைக்கில் கீழக்குயில்குடிக்குப் பறந்தார். முத்துமீனா வாசலிலேயே மறித்தாள்.

"எதுக்கு வந்த? போன்னு சொன்ன, வந்துட்டேன்ல?"

"அய்யோ, போன்னு சொல்லலக்கா. போயிட்டு வான்னுதான் சொன்னேன். நொடிக்கு ஒரு படம்னு வச்சிருந்தேனா, கூடவே சவுண்டையும் கொறச்சிட்டேனா, அதுல அந்த 'வா' விட்டுப்போச்சு."

"சரி, விட்டுப்போகாம முழுசா என்ன சொன்ன? இப்பச் சொல்லு, கேப்போம்."

அழகுபாண்டி வாயைத் திறந்தார். வாக்கியத்தை ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"சொல்லுடா. இம்புட்டு நாளைக்கப்பறம் தட்டத் தூக்கிட்டு வந்து நிக்கிறேன். வாக்கான்னு சொன்னியா? நல்லா இருக்கியான்னு கேட்டியா?"

"சென்சார் அடிக்கலக்கா..." என்றார் அழகுபாண்டி, ஈனக் குரலில்.

முத்துமீனாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பத்திரிகைய ஒன் வீட்ல வச்சுத்தான் குடுக்கணும். நாளைக்கு மறுபடி வாரேன். கேட்டுல நீ நிக்கணும். அந்த எழவு நிக்கக் கூடாது."

நின்றார். விடிந்ததிலிருந்து கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கையில் செல்போன் இருந்ததா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

உங்களைத்தான் நான் கேட்க வேண்டும். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் செல்போனில் மணி அடித்தது அல்லவா? வாசலில் யாரோ நிற்கிறார்கள். எடுத்துப் பார்த்தீர்கள், படம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று விரலால் பெரிதாக்கியும் பார்த்தீர்கள். நல்லது. கதவைத் திறந்தீர்களா?